இரவு ஒன்றரை மணிக்குக் கோப்பு ஏற்றும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லாரும் நலம். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, எனக்கும் கணினி முன்னால் உட்கார நேரம் கிடைக்கிறது.

ஒரே ஒரு கட்டுரையைச் சேர்ப்பதற்காக இரவு ஒன்றரை மணி வரை, சர்வருக்குக் கோப்புகளை ஏற்றும் ஃபைல்ஜில்லா மென்பொருளின் முன் உட்கார்ந்து, இடப்பக்கத்துக் கோப்புகளை வலப்பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். கட்டளைகளை வரிசையாக எழுதித் தானாக ஓடவிடும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவிடலாம்தான், ஆனால் மனிதன் நிதானமாகச் செய்யும் தவறை இயந்திரம் ஒரு நொடியில் செய்து முடித்துவிடுமே என்றும் கேட்டிருந்தாய். அந்தப் பயம் நியாயமானது. எனக்கும் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் கையால் ஏற்றுவதை நான் ஏன் விட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் சிற்றிதழின் இணையதளத்தை உனக்குத் தெரியும். ஒரு மாலை, புதிய இதழின் பக்கங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டர் இருந்தது, ஆனால் ரவுட்டரை அதில் இணைக்க மறந்திருந்தேன். முகப்புப் பக்கம் புதியதாகவும், அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு பழையதாகவும் சர்வரில் நின்றுவிட்டன. மின்சாரம் திரும்பியபோது நான் தூங்கிப்போயிருந்தேன். மறுநாள் காலை வாசகர் ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், தலைப்பு எழுத்துகள் ஆசிரியரின் புகைப்படத்தின் மீது ஏறி உட்கார்ந்திருந்தன. பாதி புதியதும் பாதி பழையதுமாக ஒரு தளம் இரவு முழுவதும் ஊருக்குத் தெரிந்துகொண்டிருந்தது என்ற கூச்சம்தான் என்னை மாற்றியது.

சிற்றிதழுக்கு இது கூச்சத்தோடு போயிற்று. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டலுக்கு அப்படிப் போகவில்லை. எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரலை ஏற்றியவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்; இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கும் ஏற்பாடும் அங்கே இல்லை. எட்டாவது சர்வரில் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த பழைய நிரல், சந்தை திறந்ததும் உயிர்பெற்றுக் கண்டபடி பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். எட்டையும் ஒரே பட்டியலில் வைத்துச் சுற்றிவரும் நான்கு வரி ஸ்கிரிப்ட் அந்த எட்டாவதை மறந்திருக்காது. ஆகவே நிதானம் மனிதனிடம்தான் இருக்கிறது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். களைப்பும் மனிதனிடம்தான் இருக்கிறது.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். முதலில் எஃப்டிபியை, கோப்புகளை அனுப்பும் அந்தப் பழைய முறையை, விட்டுவிடு. கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷன் 1971இல் அதற்கு வரையறை எழுதியபோது வலையமைப்பில் இருந்தவர்கள் சொற்பம், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கடவுச்சொல் மூடப்படாமல் கம்பியில் போவதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகுதான், அங்கிருந்த தாத்து உலோனன் 1995இல் எஸ்எஸ்ஹெச்சை, எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் இணைப்பு முறையை, எழுதினார். இன்று நீ வாடகைக்கு எடுக்கும் எந்தச் சின்ன சர்வரிலும் அது இருக்கும். கடவுச்சொல்லுக்குப் பதில் ரகசியச் சாவி, பொதுச் சாவி என்று சாவி இணை ஒன்றை உருவாக்கி, ரகசியச் சாவியை உன்னிடமும் பொதுச் சாவியைச் சர்வரிலும் வைத்துவிட்டால், ஸ்கிரிப்ட் உன்னை எதுவும் கேட்காமல் உள்ளே போய்விடும்.

அடுத்தது ஆர்சிங்க், இரண்டு கணினிகளின் கோப்புறைகளை ஒன்றுபோல ஆக்கும் கருவி. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட அந்தக் கருவியை விடச் சிறந்த ஒன்றை இந்த வேலைக்கு நான் இன்னும் பார்க்கவில்லை. இரு பக்கத்துக் கோப்புகளின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனவற்றைத் தாண்டிவிடும். மாறிய பெரிய கோப்பிலும் மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். ஆனால் அதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன, நான் இரண்டிலும் விழுந்தவன். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இட்டால் உள்ளிருப்பவை மட்டும் போகும். இடாவிட்டால் கோப்புறையே போய், சர்வரில் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். இது சின்னப் பள்ளம். பெரியது, டிலீட் என்ற விருப்பம். உன் கணினியில் இல்லாத எதுவும் சர்வரிலும் இருக்கக்கூடாது என்பது அதன் பொருள். எங்கள் ஆசிரியர் குழு நேரடியாகச் சர்வரில் ஏற்றிவைத்திருந்த படங்கள் என் கணினியில் இல்லை. கட்டளையைத் தட்டிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஓர் ஆண்டுப் படங்கள் போயிருந்தன. முந்தைய வாரத்து நகல் இருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் டிரை ரன் விருப்பத்தோடு ஒரு முறை ஓட்டி, எதை அழிக்கப்போகிறது என்ற பட்டியலைக் கண்ணால் படிக்காமல் நான் எந்தப் புதிய தளத்திலும் அதைத் தொடுவதில்லை. படங்களையும் தளக் கோப்புறைக்கு வெளியே தனியாக வைத்துவிட்டேன்.

இங்கேதான் உன் பயத்துக்கான பதில் இருக்கிறது. இயந்திரம் வேகமாகத் தவறு செய்யும் என்றால், அதே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்பவும் வழி வைத்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் மேலேயே புதியதை எழுதினால் திரும்ப இடமே இல்லை. ரூபி என்ற நிரல்மொழிக்காரர்கள் கேபிஸ்ட்ரானோ என்ற கருவி மூலம் பரப்பிய ஏற்பாடு ஒன்று உண்டு. கருவி இல்லாமலும் அதைச் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட ஒரு புதிய கோப்புறையில் முழுத் தளத்தையும் ஏற்று. பக்கங்களை வாசகருக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் பார்ப்பது அந்தக் கோப்புறையை அல்ல, 'நடப்பு' என்று பெயரிட்ட ஒரு சிம்லிங்க்கை, அதாவது வேறொரு கோப்புறையைச் சுட்டும் இணைப்பை. ஏற்றி முடித்துச் சரிபார்த்த பிறகு அந்த இணைப்பைப் புதிய கோப்புறைக்குத் திருப்பு. நடுவில் மின்சாரம் போனால் புதிய கோப்புறை அரைகுறையாகக் கிடக்கும், அவ்வளவுதான். வாசகருக்குப் பழைய தளம் பழுதில்லாமல் தெரியும். புதியதில் கோளாறு என்றால் இணைப்பை முந்தைய கோப்புறைக்குத் திருப்பிவிடலாம். நான் கடைசி ஐந்து கோப்புறைகளை வைத்துக்கொள்கிறேன்.

இணைப்பைத் திருப்புவதிலும் ஒரு நுணுக்கம். பல கணினிகளில், இணைப்பை உண்டாக்கும் எல்என் கட்டளை பழைய இணைப்பை அழித்துவிட்டுத்தான் புதியதை உண்டாக்கும். அந்த இடைவெளியில் வந்த வாசகருக்கு 404, அதாவது பக்கம் இல்லை என்ற பதில், கிடைக்கும். வேறு பெயரில் தற்காலிக இணைப்பை உண்டாக்கி, பெயர் மாற்றும் எம்வி கட்டளையைப் பெரிய டி (-T) விருப்பத்தோடு கொடுத்து அதற்கு 'நடப்பு' என்று பெயர் மாற்றினால் இடைவெளியே இருக்காது.

ஐந்து முழு நகல்கள் என்றால் சின்ன சர்வரில் இடம் போதுமா என்று கேட்பாய். ஆர்சிங்க்கில் லிங்க் டெஸ்ட் என்ற விருப்பத்தில் முந்தைய கோப்புறையைக் காட்டிவிட்டால், மாறாத கோப்புகளை நகலெடுக்காமல் ஹார்டு லிங்க்காக, ஒரே கோப்புக்கு இன்னொரு பெயராக, இணைத்துவிடும். நீ தளத்தின் பக்கங்களை உருவாக்க ஹ்யூகோ பயன்படுத்துவதால் ஒரு சிக்கல் வரும்: ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கங்களும் புதிதாக எழுதப்படுவதால், வரி மாறாத பக்கத்துக்கும் நேரம் மாறியிருக்கும். ஆகவே நேரத்தைக் கொண்டுசெல்லும் விருப்பத்தை எடுத்துவிட்டு, உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் விருப்பத்தைச் சேர். உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் பழைய கோப்பே பழைய நேரத்தோடு நிற்கும். வாசகரின் உலாவியும் அதை மறுபடி இறக்காது.

இன்னொன்று, தமிழில் தளம் நடத்துகிறவர்களையும் கடிக்கும் பூச்சி. உன் பழைய மேக் கணினியின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, கோப்பின் பெயரிலுள்ள சில எழுத்துகளைப் பிரித்துச் சேமிக்கும். 'கோவில்' என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியெண். மேக் அதை ஏகாரக் கொம்பாகவும் காலாகவும் இரண்டு குறியெண்களாக வைக்கும். திரையில் இரண்டும் ஒரே 'கோ'. லினக்ஸ் சர்வருக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். பக்கத்தில் இணைப்பு ஒற்றைக் குறியெண்ணோடு இருக்கும், சர்வரில் கோப்பு பிரிந்த குறியெண்களோடு இருக்கும். கோப்பு கண்ணெதிரே இருந்தும் 404 வரும். ஒருமுறை இரண்டு மணி நேரம் அந்தப் பெயரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத்துப் பிழை எங்கே என்று. ஆர்சிங்க்கின் ஐகான்வ் விருப்பம் இதைச் சரிசெய்யும். ஆனால் ஆப்பிள் வெகுகாலம் மேக்குடன் தந்துகொண்டிருந்த 2.6.9 பதிப்பில் அது கிடையாது. புதிய பதிப்பை நீயே நிறுவிக்கொள்ள வேண்டும்.

ஸ்கிரிப்டின் தலையில், எந்தக் கட்டளை தோற்றாலும் உடனே நின்றுவிடு, மதிப்பில்லாத மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்) வந்தாலும் நின்றுவிடு என்று இரண்டையும் எழுதிவிடு. பழைய கோப்புறைகளை அழிக்கும் வரி ஒன்று அதில் இருக்கப்போகிறது. அதிலுள்ள மாறி வெறுமையாகிவிட்டால் எங்கிருந்து அழிக்கத் தொடங்கும் என்று நினைத்துப் பார். 2015இல் லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளின் ஸ்கிரிப்டில் இப்படி ஒரு மாறி வெறுமையாகிப்போய்ப் பயனரின் கோப்புகளையே அழித்தது.

யார் இந்த ஸ்கிரிப்டைத் தூண்டுவது என்பதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபடலாம். நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் வைத்தால், நீ மாற்றங்களை அங்கே அனுப்பியதும், அதாவது புஷ் செய்ததும், எல்லாம் தானே நடக்கும்; 2019 முதல் அது எல்லாருக்கும் கிடைக்கிறது. சர்வரிலேயே மாற்றங்களின் வரலாற்றை மட்டும் வைக்கும் ஒரு வெற்று கிட் களஞ்சியத்தை வைத்து, புஷ் வந்து சேர்ந்ததும் ஓடும் போஸ்ட் ரிசீவ் ஹூக்கில் எழுதுவது பழைய வழி. சிற்றிதழுக்கு நான் வைத்திருப்பது அதுதான். எதைத் தேர்ந்தாலும் அந்த வேலைக்கென்று தனிச் சாவி ஒன்றை உருவாக்கி, அது ஏற்றுவதைத் தவிர வேறெதையும் செய்ய முடியாதபடி சர்வரில் கட்டுப்படுத்து. சர்வரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதை அணைத்துவிடு என்று பலர் சுலபமாகச் சொல்வார்கள், கேட்காதே. நான் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஏற்றவிடுவதில்லை, வெளியிடலாம் என்று நானே டேக், அதாவது ஓர் அடையாளப் பெயர், இட்டால் மட்டுமே ஏறும். பிழைதிருத்தம் பாதியில் இருக்கும்போது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இணைப்பைத் திருப்பியதும் முகப்புப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்து, சரியில்லையென்றால் பழையதற்கே திருப்பும்படியும் எழுதியிருக்கிறேன். முதலில் 200 என்ற பதில், அதாவது எல்லாம் சரி என்ற குறி, வந்தால் போதும் என்று விட்டிருந்தேன். ஒருநாள் வார்ப்புருவில் ஒரு பிழை. ஒன்றுமே எழுதப்படாத வெள்ளைப் பக்கம் 200 என்ற பதிலோடு கம்பீரமாகப் போயிருக்கிறது. இப்போது பக்கத்தின் அடியில் 'ஆசிரியர் குழு' என்ற சொல் இருக்கிறதா என்றும் தேடிப் பார்க்கிறது.

உன் தளத்தில் வாசகர் கருத்துகளுக்கான தரவுத்தளம் இருக்கிறதே, அதை மட்டும் இதில் சேர்க்காதே. கோப்புறைக்கு இணைப்பைத் திருப்புவதைப் போல, மாற்றிய அட்டவணையைத் திருப்பிவிட முடியாது. அதைப் பகல் நேரத்தில், நகல் எடுத்துவைத்துக்கொண்டு, கையாலேயே செய்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் சும்மாதான் இருப்பேன். அதற்குள் சர்வரில் உள்ளதையெல்லாம் ஒரு நகல் எடுத்துவிட்டு, டிரை ரன் தரும் பட்டியலை எனக்கு அனுப்பு. அழிக்கப்போவதாகச் சொல்லும் வரிகளை இருவரும் சேர்ந்து படித்துவிட்டு, அதன்பிறகு ஸ்கிரிப்டைத் தொடலாம். உன் ரவுட்டர் இன்வெர்ட்டரில் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்