செவ்வாய் மண்ணில் வெந்தயக்கீரை

அன்புள்ள முருகேசா,

பதில் போட இரண்டு மாதமாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே எல்லோரும் நலம். உன் பிள்ளைகள் செவ்வாய் கிரகத்து மாதிரி மண்ணில் வளர்த்த வெந்தயக்கீரைப் படம் பார்த்தேன். செழிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பலகையில் 'செவ்வாயில் விவசாயம் சாத்தியம்' என்று எழுதியிருக்கிறாயே, அதை அழித்துவிடு. ரெக்கார்டு நோட்டில் முடிவை எழுதிவிட்டு அளவெடுக்கும் பழக்கம் இன்னும் உன்னை விடவில்லை.

மாதிரி மண் என்று விற்பது ஹவாயி எரிமலைச் சாம்பல், மோஹாவி பாலைவனப் பாறைத்தூள் மாதிரியானவை. அசல் மண்ணின் விஷம் அவற்றில் இல்லை. 2008இல் நாசாவின் பீனிக்ஸ் கலம் செவ்வாயில் மண்ணை நீரில் கரைத்துப் பார்த்தபோது சுமார் அரை சதவீதம் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு இருந்தது. கிலோவுக்கு 5 கிராம். பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்தை எரிய வைப்பது இதன் அமோனிய உப்புதான். உடம்பில் சேர்ந்தால் தைராய்டுக்கு அயோடின் போகாமல் தடுக்கும். கீரை நீரை ஆவியாக விட்டுவிட்டு உப்பை இலையில் தேக்கிக்கொள்ளும். தின்பதற்கு அதைவிட மோசமான பயிர் கிடையாது.

அலசினால் போகாதா என்பாய். போகும், எளிதில் கரையும் உப்பு அது. கணக்கை மட்டும் பார். ஒரு கிலோ மண்ணில் ஒரு லிட்டர் ஊற்றிக் கலக்கி வடி. மண் 300 மில்லி பிடித்துக்கொண்டால் அதோடு 1.5 கிராம் நிற்கும். இன்னொரு லிட்டர் ஊற்றினால் 350 மில்லிகிராம், மூன்றாவதில் 80. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005இல் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.7 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 42. மூன்று முறை அலசிய பிறகும் அந்த ஒரு கிலோவில் இருப்பது 1,900 நாள் அளவு!

வடித்த 2.7 லிட்டரைக் கொட்டவும் முடியாது, அங்கே ஒவ்வொரு சொட்டும் பனிக்கட்டியைத் தோண்டி உருக்கியது. உறைய வைத்துப் பிரிக்கலாமென்றால், அடர்ந்த கால்சியம் பெர்குளோரேட் கரைசல் மைனஸ் 70 டிகிரியிலும் திரவமாகவே பனிக்கட்டி இடுக்குகளில் நிற்கும். பாக்டீரியா இதைக் குளோரைடாக்கிவிடும். ஆனால் ஆக்சிஜன் இல்லாத தொட்டி வேண்டும், அதற்கு அசிடேட் மாதிரி தீனி வேண்டும், உப்பு அடர்த்தி ஏறினால் வேலை நின்றுவிடும். அலசும்போது பயிருக்கு வேண்டிய நைட்ரேட்டும் சேர்ந்து போய்விடுவது வேறு. முதலில் போகிறவர்கள் மண்ணைத் தொடாமல் உரக்கரைசலில்தான் பயிர் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சொல்லிவிட்டேன், பெர்குளோரேட் வாங்கிவிடாதே. சருகோடு கலந்து சூடானால் பற்றிக்கொள்ளும், பிள்ளைகள் கைபடும் பொருளில்லை. அதற்குப் பதில் மாதிரி மண்ணில் கிலோவுக்கு 5 கிராம் சமையலுப்பு போடச் சொல். உப்பில்லாத மண்ணையும் அதே மாதிரி அலசி, அந்த எண்ணைக் கழித்துக்கொள். ஒவ்வொரு அலசலுக்கும், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் காட்டுவதை எழுதி அனுப்பு. முடிவைப் பிறகு எழுதலாம்.

சாந்தாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு