ஆலய மேடையில் ஓட்டு கேட்பதை நிறுத்துங்கள்: வேலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
திருச்சபை உறுப்பினர் ஒருவர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: தேர்தல் காலத்தில் ஆலயங்களிலும் மற்ற வழிபாட்டு இடங்களிலும் இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்வதை முன்கூட்டியே தடுக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். என் அம்மா பீடி சுற்றியே எங்களை வளர்த்தவர். மூன்று தலைமுறையாக ஒரே சபை. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் வரிசையில் நின்று இந்த மனுவைக் கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் என்னைப் போல வாய் திறக்க முடியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

2024 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, ஏப்ரல் 14. சித்திரை ஒன்று, அம்பேத்கர் பிறந்தநாளும் கூட. எங்கள் தெருவில் பாதிப் பேர் காலையிலேயே சிலைக்கு மாலை போட்டுவிட்டுத்தான் ஆராதனைக்கு வந்தார்கள். பிரசங்கம் முடிந்து, காணிக்கை எடுத்து, அறிவிப்பு நேரம் வந்தது. அப்போது ஒரு கட்சிக்காரரை முன்னால் அழைத்துச் சால்வை போட்டார்கள், தலையில் கை வைத்து ஜெபித்தார்கள், அப்புறம் "நம்ம ஜனங்களுக்கு யாரு நல்லது செய்வாங்கன்னு தேவன் உங்க இருதயத்துல பேசுவார், ஆனா அவருடைய சித்தம் எதுன்னு உங்களுக்கே தெரியும்" என்று மைக்கில் சொல்லிச் சின்னத்தையும் சொன்னார்கள். எந்தக் கட்சி என்று எழுதவில்லை, எந்தக் கட்சியாக இருந்தாலும் இதே மனுவைத்தான் எழுதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "ஏம்மா, நான் வேற பட்டன அமுக்கினா ஆண்டவருக்குத் தெரியாமலா போயிடும்?" அம்மா வேறு ஒருவருக்குப் போடத்தான் நினைத்திருந்தார். அதற்கு முந்தைய தேர்தலில் மெஷின் பக்கத்துக் கண்ணாடிக்குள் சீட்டு தெரிந்ததைப் பார்த்ததிலிருந்தே, அந்தச் சீட்டு யார் கைக்கோ போகிறது என்று ஒரு பயம் வேறு. அது ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பூட்டின பெட்டிக்குள் விழுந்துவிடும், அதில் உன் பேர் இருக்காது என்று நான் எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை. வெள்ளிக்கிழமை போய் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது அம்மாவின் முகம் ஓட்டுப் போட்டு வந்தவரின் முகமாக இல்லை.

ஐயா, சபை என்றால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் இல்லை. கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை (இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு) வாசிக்க வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும், பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஆயர் (சபைப் போதகர்) கடிதம் வேண்டும், கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடமும் சபைதான் கொடுக்க வேண்டும். அந்த ஞாயிறு எழுந்து "இது சரியா?" என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த மாதம் அக்கா மகளின் ஓலை வாசிக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மிரட்ட வேண்டிய தேவையே அங்கே இல்லை. டீக்கடையில் ஒருவர் "இவருக்குப் போடு" என்றால் போய்யா என்று சொல்லிவிட்டு வரலாம், பலிபீடத்துக்கு முன்னால் நின்று சொன்னால் அப்படி வர முடியாது. இந்த வித்தியாசத்தைத்தான் சட்டமும் பார்த்திருக்கிறது என்று தேடிப் படித்த பிறகு தெரிந்துகொண்டேன்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(2): தெய்வக் கோபத்துக்கோ சபையின் கண்டனத்துக்கோ ஆளாவாய் என்று வாக்காளரை நம்ப வைப்பது முறையற்ற செல்வாக்கு. 123(3): மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை. 2017 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளரின் மதம் மட்டும் இல்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் சேரும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆலயம், மசூதி, கோயில் எதையும் பிரச்சார மேடையாக ஆக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதி சொல்கிறது. மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க 1988-இல் தனிச் சட்டமே இருக்கிறது, அதை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. எங்கள் சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழுவில் இதைப் பற்றி ஒருவருக்காவது தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சட்டம் இருந்தும் எங்களுக்கு ஏன் உதவவில்லை? ஊழல் நடவடிக்கை என்று காட்டி ஒரு தேர்தலைச் செல்லாது என்று சொல்ல, முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதிலும் வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ செய்தார், அல்லது அவர் சம்மதத்தோடு நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஷூ கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் பெண் சென்னைக்குப் போய் வழக்கு நடத்துவாளா? நடந்த பிறகு தண்டிப்பதை விட, நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்குப் பயன்படும். அது உங்கள் கையில் இருக்கிறது.

சபை அரசியலே பேசக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச வேண்டும், இன்னும் சத்தமாகப் பேச வேண்டும். குடியாத்தம் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. என் தாத்தா எந்தச் சேரியில் பிறந்தாரோ அதே சேரியில்தான் நானும் பிறந்தேன், ஆனால் கிறிஸ்தவர் என்பதால், பட்டியல் சாதிகள் பற்றிய 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி என்னைப் பட்டியல் சாதியில் சேர்ப்பதில்லை, எங்கள் தொகுதியிலேயே நான் நிற்க முடியாது. அந்தப் பத்தியை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அறிக்கை கொடுத்தது, இன்று வரை நீங்கவில்லை. இதைப் பற்றி ஆயர் மேடையில் பேசட்டும், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். பாலாற்றில் கலக்கும் தோல் கழிவைப் பற்றிப் பேசட்டும். ஓட்டுக்குப் பணம் வாங்குவது பாவம் என்று பேசட்டும். 2019-இல் பணப் பிரச்சினையால் நம் வேலூர் தொகுதியின் தேர்தலே ரத்தாகி, ஏப்ரலில் போட வேண்டிய ஓட்டை ஆகஸ்ட் 5-இல் போட்டோம், அந்த அவமானம் நமக்கு இன்னும் மறக்கவில்லை. பிரச்சினையைச் சொல்லலாம். பேரையும் சின்னத்தையும் சொன்னால் அங்கேதான் கோடு தாண்டுகிறது.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு, அதையும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த மனுவைக் காட்டி, கிறிஸ்தவர்கள் கூடும் இடத்தில் மட்டும் போலீஸை நிறுத்திவிடுவார்களோ என்று. அப்படி நடந்தால் நானே அதை எதிர்த்து எழுதுவேன். கோயில் திருவிழாவில் நடந்தாலும் ஜமாத்தில் நடந்தாலும் ஒரே அளவுகோல் வேண்டும். எங்கள் ஆயர் மேல் வழக்குப் போடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அப்பா இறந்த இரவு, மழையில் நனைந்து வந்து விடியும் வரை எங்களோடு உட்கார்ந்திருந்தவர் அவர். கட்சிக்காரர் வந்து நின்றால் "முடியாது" என்று சொல்ல அவருக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. அரசு உத்தரவு இருக்கிறது என்று காட்ட ஒரு தாள் கையில் இருந்தால் அவருக்கும் நிம்மதி.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த தேர்தல் தேதி அறிவித்த வாரத்திலேயே, எல்லா மதத் தலைவர்களையும் அழைத்து ஒரே கூட்டம் நடத்துங்கள். ஏப்ரல், மே தேர்தல் என்றால் அது பெரும்பாலும் லெந்து நாட்களிலும் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) ஈஸ்டரை ஒட்டியும்தான் வருகிறது: 2019-இல் தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்ட நாள் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன், 2021-இல் ஈஸ்டர் முடிந்து இரண்டாம் நாள். கூட்டம் அதிகமாகக் கூடுகிற நாட்களில்தான் கட்சிக்காரர்களும் வருகிறார்கள், அதனால் ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறுக்கு முன்பே இந்தக் கூட்டம் நடந்துவிட வேண்டும். வேட்பாளர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போகட்டும், அவரும் மனிதர்தான். மேடை, மைக், சால்வை மட்டும் கூடாது. சபை வளாகத்துப் பள்ளியில் வாக்குச்சாவடி இருந்தால் (எங்களுக்கு அப்படித்தான்), அந்த வளாகத்தில் வேட்பாளரோடு ஆயர் நிற்கிற பேனர் எதுவும் இல்லாமல் முதல் நாளே பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எளிய தமிழில் ஒரு பக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை. உங்கள் ஓட்டு ரகசியம், ஆயருக்கும் தெரியாது, கட்சிக்கும் தெரியாது, யாருக்குப் போட்டாலும் சாபம் கிடையாது என்று அதில் இருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்கிற அதே அறிவிப்பு நேரத்தில் அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். நான் சொல்லி அம்மா நம்பவில்லை, கலெக்டர் கையெழுத்துப் போட்ட தாளை ஆயரே வாசித்தால் நம்புவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியாத்தம் வட்டத்து வாக்காளர் ஒருவர்.