இளம் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கு வலு எல்லையுடன் கூடிய படிமுறை அனுமதிப்பத்திரம் கோரல்

மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகம்,
மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்,
நாரஹேன்பிட்டி, கொழும்பு 05.

ஊடாக: மாவட்டச் செயலாளர், மாவட்டச் செயலகம், திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

திருகோணமலை பட்டினமும் சூழலும், குச்சவெளி, கிண்ணியா ஆகிய பிரதேச செயலாளர் பிரிவுகளில் வசிக்கும் பெற்றோரும் ஆசிரியர்களுமாகிய நாங்கள் பின்வரும் விடயத்தைத் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கின்றோம்.

இயந்திரக் கொள்ளளவு 100 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ1 வகுப்பும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ வகுப்புமாகச் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கப்படுகின்றது. இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 18 என்பதால், ஏ1 வகுப்பில் சிறிது காலம் ஓட்டிப் பழகிய பின்னரே ஏ வகுப்புக்குச் செல்லவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளை நேரடியாக ஏ வகுப்பைப் பெற்று, மறுநாளே 200 சிசி மோட்டார் சைக்கிளில் நிலாவெளி வீதியில் ஏறலாம். அவ்வீதியும் கண்டி வீதியும் நீண்டு நேராகக் கிடப்பதால் வேகத்தைத் தூண்டுகின்றன. மாலையானதும் மாடுகள் வீதியிலேயே படுத்துவிடுகின்றன, பட்டினத்துக்குள்ளோ மான்கள் குறுக்கே வருகின்றன. அவ்வேளையில் பிரேக்கை எவ்வளவு பிடிப்பது என்பது பழக்கத்தால் மட்டுமே கைவருவது.

கொள்ளளவை மட்டும் அளவுகோலாகக் கொள்வதும் எமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. ஒரே நிறுவனத்தின் 150 சிசி அளவிலான இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டால், யமஹா எப்.இசட் ஏறத்தாழ 10 கிலோவாட் வலுவைத் தருகையில் ஆர்15 வண்டி 12 கிலோவாட்டைத் தாண்டுகின்றது. 200 சிசி கேரிஎம் டியூக்கின் வலு 18 கிலோவாட் அளவில் உள்ளது. சட்டத்தின் பார்வையில் இம்மூன்றும் ஒன்றே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விதிகள் கொள்ளளவுடன் வலுவையும் எடையையும் சேர்த்தே கணிக்கின்றன. அங்கு ஏ1 வகுப்புக்கு 125 சிசி, 11 கிலோவாட், எடையின் ஒரு கிலோகிராமுக்கு 0.1 கிலோவாட் என்ற எல்லைகள் உள்ளன. அடுத்துள்ள ஏ2 வகுப்பின் எல்லை 35 கிலோவாட். பெரிய வண்டிக்கு, இயந்திரத்தின் வலுவைக் குறைக்கும் ஏற்பாடான ‘வலு மட்டுப்படுத்தி’யைப் பொருத்தி ஏ2 வகுப்பில் ஓட்டவும் இடமுண்டு, ஆனால் அதன் மூல வலு 70 கிலோவாட்டுக்கு மேற்படக்கூடாது. இந்த 35 கிலோவாட் எல்லையை அப்படியே இங்கு கொண்டுவருவதால் பயனில்லை, ஏனெனில் எமது பிள்ளைகள் ஓட்டும் வண்டிகளில் அநேகமாக எதுவுமே அதை எட்டுவதில்லை. எமக்கு வேண்டியது 11 கிலோவாட் எல்லையே.

ஆகவே, அனுமதிப்பத்திரம் பெற்ற முதல் 2 ஆண்டுகளுக்கு, 21 வயதுக்குட்பட்டவர்கள் 11 கிலோவாட்டுக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை மட்டுமே ஓட்டவும், அதற்கு மேற்பட்ட வண்டி வீட்டில் இருப்பின் வலு மட்டுப்படுத்தியைப் பொருத்தி ஓட்டவும் விதி செய்யுமாறு வேண்டுகின்றோம். தந்தையின் எப்.இசட்டில் வகுப்புக்குச் செல்லும் பிள்ளையோ, 100 சிசி வண்டியில் மீன்பெட்டி கட்டிச் செல்லும் இளைஞனோ இதனால் பாதிக்கப்படமாட்டார்கள். ஏற்கனவே ஏ வகுப்பு வைத்திருப்போருக்கு இவ்விதி பின்னோக்கிச் செல்லவேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை.

இதில் கடினமான பகுதி கண்காணிப்பே என்பதை அறிவோம். காற்றும் எரிபொருளும் உட்செல்லும் வழியைச் சுருக்கும் வளையத்தையோ, அக்சிலேட்டர் முழுமையாகத் திறக்காமல் தடுக்கும் தடுப்பையோ எந்தக் கராஜிலும் சிறிது நேரத்தில் கழற்றிவிடலாம், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இலத்திரனியல் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நிரலை மாற்றி வலுவைக் குறைக்கும் முறை ஓரளவு மேலானது. எம்முறையாயினும், பொருத்தியதை மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்திலேயே பரிசோதித்து முத்திரையிட்டு, வாகனப் பதிவுச் சான்றிதழில் வலுவைக் கிலோவாட்டில் குறித்தால்தான் வீதியில் நிற்கும் பொலிஸாரால் அதைச் சரிபார்க்க இயலும். இதற்காகக் கொழும்புக்கு அலையவேண்டிய நிலை ஏற்பட்டால் ஒருவரும் பதிய வரமாட்டார்கள் என்பதையும் பணிவுடன் குறிப்பிடுகின்றோம்.

இம்மனு தொடர்பில் தாங்கள் எடுக்கும் தீர்மானத்தை மாவட்டச் செயலாளர் ஊடாக எமக்குத் தமிழில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
திருகோணமலை மாவட்டப் பெற்றோரும் ஆசிரியர்களும்