விடை மட்டும் போதாது, மதிப்பெண் விழும் இடமும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்புக் கணிதத் தேர்வு முடிந்த மறுநாளே வினாத்தாளுக்கான தீர்வுகளைத் தங்கள் நாளிதழ் வெளியிட்டிருந்தது. விடைகள் அத்தனையும் சரி. ஆனால் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் என்னைத் தேடி வந்த இரண்டு பிள்ளைகளும் தங்கள் மதிப்பெண்ணைத் தவறாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வினா இதுதான்: ஓர் எண்ணுடன் 7ஐக் கூட்டி வர்க்கமூலம் கண்டால், அதே எண்ணிலிருந்து 5ஐக் கழித்தால் வரும் மதிப்பே கிடைக்கிறது, அந்த எண்ணைக் காண்க. மொத்தம் 5 மதிப்பெண். நீங்கள் வெளியிட்ட தீர்வில் நான்கு வரிகள். கடைசி வரி: ‘விடை 9’.

மாணவி இருபுறமும் வர்க்கப்படுத்தி, இருபடிச் சமன்பாட்டை அமைத்து, காரணிப்படுத்தி, 9, 2 என்று இரண்டு மூலங்களையும் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டையும் விடையாக எழுதி அடிக்கோடிட்டுவிட்டு வந்துவிட்டாள். “டீச்சர், பேப்பரில் 9 மட்டும்தான் இருக்கிறது. எனக்கு ஐந்தும் போய்விட்டது” என்று அழுதாள். மறுநாள் அவளுக்கு அடுத்த தேர்வு. மாணவனோ ஒவ்வோர் எண்ணாக இட்டுப் பார்த்து, 9 பொருந்தியதும் அதையே விடையாக எழுதியவன். ஐந்தும் தனக்கே என்று மகிழ்ச்சியாக இருந்தான்.

நடந்திருப்பது ஏறக்குறைய நேர்மாறானது. வர்க்கப்படுத்தியதற்கு 1, சமன்பாட்டை அமைத்ததற்கு 1, மூலங்களுக்கு 2, அவற்றைச் சரிபார்த்துப் பொருந்தாததை நீக்குவதற்கு 1 என்று பிரித்தால், அழுத பெண்ணுக்கு 4 கிடைக்கும். அவள் இழப்பது ஒன்றே ஒன்று. 2ஐ இட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 9இன் வர்க்கமூலம், அதாவது 3, வலப்பக்கம் −3. வர்க்கப்படுத்தும்போது இந்தக் குறி வேறுபாடு மறைந்துவிடுவதால்தான் பொருந்தாத மூலம் உள்ளே நுழைகிறது. மாணவனுக்கு 1 கிடைக்கலாம், மிஞ்சினால் 2. வேறு எண் எதுவும் பொருந்தாது என்பதை அவன் காட்டவில்லையே! எண் 5க்குக் குறைவானால் வலப்பக்கம் குறை எண்ணாகிவிடும். 5இலிருந்து மேலே போகப் போக வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட வேகமாக ஏறுகிறது. ஆகவே இரண்டும் ஒரே ஒருமுறைதான் சந்திக்க முடியும். இந்தக் காரணத்தை எழுதியிருந்தால் அவனுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். சமன்பாட்டைத் தீர்க்காமலே விடைக்கு வரும் அழகான வழி அது.

வேறு வழி என்றதும் நான் விடைத்தாள் திருத்தப் போன முதல் ஆண்டு நினைவுக்கு வருகிறது. ஒரு நாற்கரத்தின் பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் கிடைக்கும் என்று நிறுவ வேண்டும். 1731இல் அச்சான, வரிஞோன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரின் தேற்றம். எனக்குக் கொடுத்திருந்த விடைக்குறிப்பில் படத்துக்கு 1, மூலைவிட்டம் வரைந்ததற்கு 1, நடுப்புள்ளித் தேற்றத்துக்கு 2, முடிவுக்கு 1. ஒரு விடைத்தாளில் படமே இல்லை. நான்கு முனைகளுக்கும் ஆயத்தொலைவுகள் கொடுத்து, நடுப்புள்ளிகளை எழுதி, எதிரெதிர் நடுப்புள்ளிகளை இணைக்கும் இரண்டு கோடுகளுக்கும் மையம் ஒரே புள்ளிதான் என்று ஆறே வரிகளில் முடித்திருந்தது அந்தப் பிள்ளை. குறிப்பில் உள்ள எதுவும் அதில் இல்லை. முடிவுக்கு மட்டும் 1 போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

தலைமைத் தேர்வாளர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். “இதில் எந்த வரி தவறு என்று காட்டுங்கள், அம்மா” என்றார். என்னால் காட்ட முடியவில்லை. 1ஐ அடித்துவிட்டு 5 போட்டேன். அன்றைக்கு அதற்கு முன் திருத்திய தாள்களையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் வந்திராவிட்டால் அந்தப் பிள்ளையின் 4 மதிப்பெண் என் கையால் போயிருக்கும் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

கணிதத்தில் விடை ஒன்று, ஆகவே மதிப்பெண்ணும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். 1913இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 30ஐக்கூட எட்டாத மதிப்பெண்ணும் வந்தது, 90ஐத் தாண்டியதும் வந்தது. பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் இன்றைய இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் தேர்வில் வழிமுறைக்கு, துல்லியத்துக்கு, காரணம் காட்டுவதற்கு என்று மதிப்பெண்ணைத் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் படியில் 169−25 = 134 என்று கழித்தலில் சறுக்கிய பிள்ளை, அந்த 134ஐக் கொண்டு அடுத்த படிகளைச் சரியாகச் செய்தால் அவற்றுக்கான மதிப்பெண் பொதுவாகக் குறைவதில்லை. ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டனை கூடாது என்பதே இதன் நியாயம். 2005இல் மெக்சிகோவில் நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாடில் மூன்றாவது வினாவை யாரும் எதிர்பாராத வழியில் தீர்த்த மால்டோவா மாணவர் யூரியே போரெய்கோவுக்குச் சிறப்புப் பரிசே கொடுத்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தீர்வுகளை வெளியிடும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்குரிய மதிப்பெண்ணை அச்சிடுங்கள். நெடு வினாக்களுக்கு இன்னொரு வழியையும் கொடுங்கள். இடம் போதாவிட்டால் ‘வேறு சரியான வழிக்கும் முழு மதிப்பெண் உண்டு’ என்ற ஒரு வரியாவது இருக்கட்டும். எந்த இடத்தில் வழக்கமாகத் தவறு நேரும், அதற்கு எவ்வளவு குறையும் என்பதையும் சொல்லுங்கள். மறுகூட்டலுக்கு விண்ணப்பிப்பதா, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதா, எதுவும் வேண்டாமா என்பதை அப்போதுதான் ஒரு மாணவர் யோசித்து முடிவு செய்ய முடியும். இதற்காகப் பக்கம் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. இருவர் தனித்தனியே போட்டுப் பார்த்த பிறகு வரட்டும்.

இந்த வினாத்தாளின் 5 மதிப்பெண் வினாக்கள் அனைத்துக்கும் மாற்று வழிகளையும், படிவாரியாக நான் பிரித்த மதிப்பெண்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கும் நாள் வருவதற்குள் வெளியிட்டால் பிள்ளைகளுக்குப் பயன்படும். பிரித்ததில் எனக்குத் தவறு நேர்ந்திருந்தால் மற்ற ஆசிரியர்கள் உங்கள் நாளிதழின் பக்கங்களிலேயே திருத்தி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை