திங்கட்கிழமை விடுமுறையும் உன் மனுவும்

சாண்ட்லர், அரிசோனா
ஜனவரி மூன்றாம் திங்கள்

அன்புள்ள சுந்தரம்,

தங்கச்சியின் முட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கைத்தடி இல்லாமலே அடுப்படி வரை நடக்கிறாள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. படி ஏறச் சொல்லி அவசரப்படுத்தாதே. பேரன் பால்வாடிக்குப் போக அழுகிறான் என்றாயே, அவன் தாத்தா ஒன்பதாம் வகுப்பிலும் அழுததை யாராவது அவனுக்குச் சொல்லட்டும்.

கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. நூலகக் கட்டடத்துக்கு இனி மனுக் கொடுப்பதில்லை, காகிதம் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன் என்று. இத்தனை வருடம் திங்கள்தோறும் குறைதீர்க்கும் நாளுக்குப் பஸ் ஏறிப் போனவன், ஒப்புகைச் சீட்டைத் தேதிவாரியாக அடுக்கி வைத்தவன், ஒரே வரியில் முடித்துவிட்டாய். ‘முயன்றால் முடியும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னது பொய்தான்’ என்றும் எழுதியிருக்கிறாய். பாதிப் பொய்தான். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இன்று எங்களுக்கு விடுமுறை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பிறந்தது ஜனவரி 15. விடுமுறை அந்த மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை. தை முதல் நாளை ஒட்டியே வருவதால் இங்கே தமிழர்கள் பலரும் இந்த நீண்ட வார இறுதியை நம்பித்தான் பொங்கல் விழா வைக்கிறோம். சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட அரங்கில் மின்சார அடுப்பில் பானை வைத்தோம். பொங்குவதற்குள் புகை எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. குழந்தைகள் அதற்கும் சேர்த்துக் குலவை இட்டார்கள். இந்த விடுமுறை எப்படி வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் இந்த மாநிலத்துக்கு வந்து வெகுகாலம் கேட்காமல்தான் இருந்தேன்.

கிங் மெம்ஃபிஸில் சுடப்பட்டது 1968 ஏப்ரல் 4. நான்கே நாளில், ஏப்ரல் 8 அன்று, டெட்ராய்ட் நகரத்து நாடாளுமன்றப் பிரதிநிதி ஜான் கான்யர்ஸ் அவர் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அது குழுவிலேயே கிடந்து செத்தது. அவர் மறுபடி கொண்டுவந்தார். மறுபடியும் கிடந்தது. ஒவ்வொரு முறை புது நாடாளுமன்றம் கூடும்போதும் பழைய மசோதாக்கள் காலாவதியாகிவிடும். முதலிலிருந்து தாக்கல் செய்ய வேண்டும். உன் மனு மேசை மாறும்போதெல்லாம் ‘புதிதாக எழுதிக் கொடுங்கள்’ என்பார்களே, அதேதான். கான்யர்ஸ் சளைக்கவில்லை. பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ் 1965 முதல் 1988 வரை வேலை பார்த்தது இதே கான்யர்ஸின் டெட்ராய்ட் அலுவலகத்தில்தான். பொறுமை என்றால் என்னவென்று அந்த அலுவலகத்துக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள்.

1979 நவம்பரில் ஒருவழியாக மசோதா பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 252, எதிர்ப்பு 133. ஜெயித்தது என்றுதானே நினைப்பாய்? தோற்றது. விவாதத்தைச் சுருக்கும் ஒரு தனி விதியின்கீழ் அதைக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஐந்து ஓட்டுக் குறைந்தது. அரசு ஊழியருக்கு இன்னொரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்றால் செலவு என்னாவது என்பது வெளியே சொன்ன காரணம். சொல்லாத காரணம் உனக்கும் எனக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான் பாட்டு வருகிறது. ஸ்டீவி வொண்டர், சிறு வயதிலிருந்தே டெட்ராய்ட்டின் இசைக் கம்பெனி ஒன்றில் பாடி வளர்ந்த, பார்வையற்ற பாடகர். 1980இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் கடைசிப் பாட்டு கிங்குக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து. சோகம் துளியும் இல்லை, துள்ளிக் குதிக்கிற மெட்டு. அடுத்த ஜனவரி 15இல் வாஷிங்டன் குளிரில் பெருங்கூட்டம் கூட்டினார். 1982இல் அவரும் கிங்கின் மனைவி கொரெட்டாவும் சபாநாயகரிடம் கொண்டுபோய்க் கொடுத்த மனுவில் 60 லட்சம் கையெழுத்து. நீ வாங்கிய முந்நூறுக்கே ஊரில் எத்தனை திண்ணை ஏற வேண்டியிருந்தது!

இரண்டு வருடம் முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு கறுப்பின அம்மையாருக்குப் பிறந்தநாள். கேக்கை வைத்து எல்லோரும் வழக்கமான பாட்டைப் பாடி முடித்துக் கத்தியைத் தேடினோம். அவர் கையை உயர்த்தி, ‘இன்னும் முடியவில்லை’ என்றார். தலைக்குமேல் கை தட்டி ஸ்டீவி வொண்டர் மெட்டை எடுத்தார். பொருள்கள் அனுப்பும் பிரிவிலிருந்து வந்த இரண்டு பேர் உடனே சேர்ந்துகொண்டார்கள். மூவரும் இடுப்பை அசைத்துப் பாட, நாங்கள் வார்த்தை தெரியாமல் தாளம் மட்டும் போட்டோம். தங்கள் வீடுகளில் இதுதான் பிறந்தநாள் பாட்டு என்று பிறகு சொன்னார். ஒரு சட்டத்துக்காக எழுதிய பாட்டு என்று தன் பிள்ளைகளுக்கே தெரியாது என்றும் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் சட்டத்தை வாங்கித் தந்தது பாட்டு மட்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்டி ஹால் என்று இண்டியானாவிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் உறுப்பினர். பள்ளிக்கூட ஆசிரியை, உன் ஜாதி. 1983இல் மசோதாவைக் கையில் எடுத்து ஒரு காரியம் செய்தார்: ஜனவரி 15 என்பதை விட்டுக்கொடுத்து, மூன்றாம் திங்கள் என்று மாற்றினார். வார நடுவில் அலுவலகத்தை ஒரு நாள் மூடித் திறக்கும் செலவு இருக்காது என்று சொல்ல வழி பிறந்தது. ஆகஸ்டில் சபையில் 338க்கு 90 என்று நிறைவேறியது. மறு வருடமே சொந்தக் கட்சியின் உட்தேர்தலில் தோற்று அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் பெயரைச் சொல்பவர்கள் இன்று குறைவு.

மேல்சபையான செனட்டில் வட கரோலினாவின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், கிங்குக்குக் கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு என்று ஒரு தடித்த காகிதக் கட்டைக் கொடுத்து வழிமறித்தார். நியூயார்க்கின் மொய்னிஹான் அதை அழுக்கு மூட்டை என்று சொல்லித் தரையில் போட்டு மிதித்தார். அக்டோபர் 19இல் 78க்கு 22. அன்றைக்கே நிருபர்கள் அதிபர் ரேகனிடம் கிங் கம்யூனிஸ்ட் அனுதாபியா என்று கேட்க, 35 வருடத்தில் தெரிந்துவிடும் என்று கேலியாகப் பதில் சொன்னார். உளவுத்துறைக் கோப்புகள் நீதிமன்ற உத்தரவால் முத்திரை வைக்கப்பட்டிருந்ததைச் சுட்டிய பேச்சு. பிறகு கொரெட்டாவுக்குப் போன் செய்து வருத்தம் தெரிவித்தார். நவம்பர் 2இல் அதே கொரெட்டா பக்கத்தில் நிற்க, அதே ரேகன் கையெழுத்துப் போட்டார். அரசியல்வாதிகளிடம் மனமாற்றத்தை எதிர்பார்க்காதே, கையெழுத்தை மட்டும் எதிர்பார் என்று உன் அப்பா சொல்வாரே, அது நினைவுக்கு வந்தது.

இனி வருவது எங்கள் அரிசோனாவின் பெருமை. மைய அரசு சட்டம் போட்டாலும் மாநிலங்கள் தங்களுக்கென்று தனியே ஏற்க வேண்டும். இங்கே சட்டமன்றம் 1986இல் ஒரே ஓட்டில் மறுத்துவிட்டது. ஆளுநர் புரூஸ் பாபிட் தன் உத்தரவால் விடுமுறை அறிவித்தார். அடுத்த ஜனவரியில் ஆளுநராக வந்த எவான் மீச்சம், கார் விற்பனை செய்து வந்தவர், பதவியேற்ற சில நாளிலேயே அதை ரத்து செய்தார். ஸ்டீவி வொண்டர் இந்த மாநிலத்தில் பாட மாட்டேன் என்றார். மாநாடுகள் ஒவ்வொன்றாக வேறு ஊருக்குப் போயின. மீச்சம் 1988இல் வேறு குற்றங்களுக்காகப் பதவி நீக்கப்பட்டார். விடுமுறை மட்டும் வரவில்லை. 1990இல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். நீங்கள் மறுத்தால் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியை இங்கே நடத்தமாட்டோம் என்று கால்பந்துக்காரர்கள் (காலால் உதைப்பதைவிடக் கையால் பிடிப்பது அதிகமான அந்த அமெரிக்கக் கால்பந்து) மிரட்டுவதாகத் தேர்தலுக்கு முன் செய்தி பரவியது. பணத்தைக் காட்டியா பயமுறுத்துகிறாய் என்று பலருக்கு வீம்பு. மயிரிழையில் தோற்றது. சொன்னபடியே 1993 போட்டியைக் கலிஃபோர்னியாவின் பசடீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

1992இல் மறுபடி ஓட்டு. இம்முறை பத்துக்கு ஆறு பேர் ஆதரவு. 1996 ஜனவரியில் சூப்பர் பவுல் இங்கே டெம்பி மைதானத்துக்கு வந்தது. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் அந்த ஆட்டத்துக்குப் போன டிக்கெட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டியிருக்கிறார். எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ‘1990இலா, 1992இலா?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். அரிசோனாவின் நாடாளுமன்ற உறுப்பினர் மெக்கெய்னாவது வாய்விட்டுச் சொன்னார்: 1983இல் எதிர்த்து ஓட்டளித்தது தவறு என்று, 2008இல் அதிபர் வேட்பாளராக நிற்கும்போது, கிங் சுடப்பட்ட அதே மெம்ஃபிஸ் விடுதியில் மழையில் நின்று. கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டார்கள். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் இன்றும் இதே திங்கட்கிழமைதான் அடிமை முறைக்காகப் போரிட்ட படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் லீயின் பிறந்தநாளும். ஒரே விடுமுறை, இரண்டு பெயர். கூட்டுப் பட்டாகூட இவ்வளவு முரண்டு பிடிக்காது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கான்யர்ஸ் இன்னொரு மசோதாவையும் இதே போல விடாமல் தாக்கல் செய்தார். அடிமை முறைக்கு நஷ்ட ஈடு தருவதைப் பற்றி ஆராய ஒரு குழு, அவ்வளவுதான் கேட்டார். விடுதலை பெற்ற அடிமைகளுக்கு அன்று தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் போன 40 ஏக்கர் நிலத்தை நினைவில் வைத்து அதற்கு 40 என்றே எண் வாங்கினார். 1989இல் தொடங்கி 2017இல் அவர் பதவி விலகும்வரை ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும். அவர் விலகியதும் கௌரவமாக அல்ல, அலுவலகப் பெண்கள் சொன்ன பாலியல் புகார்களுக்கு நடுவே. அந்த மசோதா இன்றுவரை சட்டமாகவில்லை. அதே மனிதர், அதே பிடிவாதம், முன்னதைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு காலம். ஒன்று விடுமுறை ஆனது, ஒன்று காகிதமாகவே இருக்கிறது.

ஆகவே விடாமுயற்சி வெற்றி தரும் என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. அதைப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்தவர்களே பார்த்துக்கொள்ளட்டும். உறுமீன் வரும்வரை கொக்கு நிற்கலாம். மீன் வந்தே தீரும் என்று யாரும் அதற்கு உறுதி கொடுக்கவில்லை. ஆனால் வொண்டர் பாட வந்தபோது, அந்தப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மசோதா தயாராக இருந்தது. அது பரணில் இருந்திருந்தால் நமக்கு ஒரு நல்ல இசைத்தட்டு மட்டும் கிடைத்திருக்கும்.

நான் உன்னிடம் குறை காண்பது வேறு இடத்தில். உன் மனுவிலும் ஒரு ஜனவரி 15 உண்டு. குளத்தங்கரையில் உன் அப்பா கொடுத்த இடத்திலேயே புதுக் கட்டடம் வேண்டும் என்கிறாய். அவர்கள் சமுதாயக் கூடத்தின் பின்னால் இரண்டு அறை தருகிறோம் என்று போன வருடம் சொன்னதாக நீயே எழுதினாய்; கோபத்தில் எழுந்து வந்துவிட்டாய். வாங்கிக்கொள்ளடா. அங்கே மின்சாரம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, பஸ் நிறுத்தம் பக்கத்தில். அப்பா பெயரை அலமாரிமேல் எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒழுகுகிற கூரையின்கீழ்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாயே. மனுவில் ஏன் உன் கையெழுத்தே முதலில் இருக்கிறது? அடுத்த மழைக்கு அவர்களே தங்கள் செல்போனில் படம் எடுக்கட்டும், வாளி வைத்த இடம், நனைந்த பழைய வினாத்தாள் கட்டு எல்லாம். அவர்களே திங்கட்கிழமை வரட்டும். நீ காகிதக் கட்டோடு பின்னால் நில். உனக்கு அது பிடிக்காது, தெரியும். முன்னால் நின்று பேசிப் பழகிய வாத்தியார்.

என் பாடு பரவாயில்லை. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, பொங்கல் சமயத்தில் பரிசோதனைக்குப் போனது யார் குற்றம் என்று மகள் கேட்கிறாள். அவள் மார்ச்சில் டெட்ராய்ட் பக்கம் வேலை மாறுகிறாள். ஆனி மாதம் ஊருக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கருப்பட்டி வாங்கி வைக்காதே, மேற்சொன்ன காரணம். முறுக்கு வாங்கி வை. பரணில் இருப்பதை இறக்கிக் கடைசியாகக் கொடுத்த மனுவை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அறை இரண்டு போதும் என்று எப்படி மாற்றி எழுதலாம் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்