பேலட் டிரக் இழுப்பவருக்கும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துச் சரக்குக் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரிடம் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று கேட்கிறார்கள். பேலட் எனும் தட்டில் அடுக்கிய சரக்கைத் தட்டோடு சற்றே உயர்த்திக் கையால் இழுத்துச் செல்லும் வண்டியான பேலட் டிரக்கை மட்டும், நேற்றுச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளியிடம்கூட எந்த விளக்கமும் இன்றி ஒப்படைத்துவிடுகிறார்கள். மோட்டார் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் இவ்வண்டிகளில் பெரும்பாலானவை 2,000 முதல் 2,500 கிலோ வரை சுமக்கக்கூடியவை. பலவற்றுக்கு பிரேக்கே கிடையாது.

சரிவான ரேம்பில்தான் பேராபத்து. சுமையேற்றிய வண்டியைச் சரிவில் கீழே கொண்டுவரும்போது அதற்கு முன்னே நின்று பின்னோக்கி நடப்பவர் மீதே அத்தனை எடையும் வந்து சாய்கிறது. ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஆள் எப்போதும் சரிவின் மேல்பக்கத்திலேயே இருக்க வேண்டும். பாரம் மிகுந்திருந்தால், ரேம்பில் கையால் கொண்டுசெல்வதையே தவிர்ப்பது நல்லது. சமதரையிலும் கவனம் தேவை: அறுந்து கிடக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று சிறு சக்கரத்தில் சிக்கினாலே வண்டி சட்டென நின்று, பார்வையை மறைக்கும் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள் சரிந்துவிடும். வெறும் செருப்புடன் இழுப்பவர்களைக் காணும்போது மனம் பதறுகிறது.

காயம் ஏற்படுத்தக்கூடிய அளவுக்குப் பாரமான சுமையைத் தூக்கவோ நகர்த்தவோ எவரையும் பணிக்கக் கூடாது என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவே விதித்தது. ஆகவே ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் செய்முறைப் பயிற்சியும் பாதுகாப்புக் காலணியும் அளித்த பின்னரே நிர்வாகங்கள் இவ்வண்டியைக் கொடுக்க வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகளும் ஆய்வின்போது இதைத் தவறாமல் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர்,
ஒரகடம்.