டிசம்பர் நடுவில் வரும் ரிசல்ட்: தம்பிக்கு ஒரு கடிதம்

எடிசன், நியூ ஜெர்சி
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்த மாதம் பேச்சே வேறு. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் பிரசாதத்துக்கு நின்றால்கூட, "உங்க பொண்ணு எங்கே ஏர்லி போட்டிருக்கா?" என்று காதில் விழும். விவரம் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எந்தக் காலேஜுக்குப் போட்டிருக்கிறோம் என்பதை ரிசல்ட் வரும்வரை வெளியே சொல்லாமல் இருப்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். நீயும் அப்படியே இரு. சித்தப்பா வீட்டுக்குத் தெரிந்தால் திருச்சி முழுக்கத் தெரிந்த மாதிரி.

உன் பெண், என் மருமகள், இங்கே ஒரு காலேஜுக்கு ஏர்லி டிசிஷனில் போட்டிருக்கிறாளே (மற்றவர்களுக்கு முன்பே விண்ணப்பித்து, கிடைத்தால் அங்கேயே சேர்ந்தாக வேண்டிய சுற்று), அது விஷயமாக வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் முழுசாக எழுதுகிறேன்.

இது அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் மாதிரி இல்லை. 200-க்கு இத்தனை கட்-ஆஃப், இத்தனையாவது ரேங்க், அதற்கு இந்தக் காலேஜ் என்று கணக்குப் போட முடியாது. மறுகூட்டல் கிடையாது. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டு எழுதினாலும் காரணம் சொல்ல மாட்டார்கள். மார்க் வாசல் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அதற்குமேல் அந்த வருஷம் அவர்களுக்கு யார் தேவை என்பது தீர்மானிக்கிறது. இந்தியாவிலிருந்து போடுகிற பிள்ளைக்கு இன்னொரு தடையும் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட், பௌடன், பிரவுன் போன்ற சில இடங்களைத் தவிர, பெரும்பாலான காலேஜ்கள் வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்கிறாரா என்பதையும் பார்த்துத்தான் சேர்க்கின்றன.

ஏர்லியில் போட்டால் வாய்ப்பு மூன்று மடங்கு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். எண் சரிதான். பிரவுனில் 2024 டிசம்பரில் ஏர்லி டிசிஷனில் சுமார் 18 சதவீதம் பேரை எடுத்தார்கள். அந்த வருஷத்து மொத்த விண்ணப்பங்களில் எடுத்தது 6 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அந்த 18-க்குள் கோச் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்த விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். பல காலேஜ்களில் அங்கேயே படித்தவர்களின் பிள்ளைகளும் இதே வரிசையில்தான் வருகிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டால் நம் பிள்ளைக்கு மிஞ்சுவது வெளியே தெரிகிற எண்ணைவிடச் சின்னது. வசதியுள்ளவர்களுக்குத்தான் இந்த முறை சாதகம் என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் ஏர்லி விண்ணப்பங்களையே கைவிட்டன. மற்றவர்கள் யாரும் பெரிதாகப் பின்தொடரவில்லை. 2011-இல் இருவரும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிசம்பர் பத்துக்குள் மற்ற காலேஜ்களுக்கான விண்ணப்பங்கள் எல்லாம் எழுதி முடித்து, சமர்ப்பிக்கிற பட்டனை அழுத்துவது மட்டும் பாக்கி என்ற நிலையில் இருக்க வேண்டும். நிறையப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள். ரிசல்ட் வருவது டிசம்பர் நடுவில். வழக்கமான சுற்றின் கடைசித் தேதி பல காலேஜ்களில் ஜனவரி 1 முதல் 5 வரை. இடையில் இரண்டு வாரம் இருக்கிறதே என்று தோன்றும். "கிடையாது" என்று பதில் வந்த மூன்றாம் நாள், வேறொரு காலேஜை ஏன் பிடிக்கும் என்று 250 வார்த்தை எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் கை ஓடாது. எழுதினாலும், முதல் காலேஜுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றின மாதிரி இருக்கும். சில சமயம் பெயரைக்கூட மாற்றாமல் போய்விடும்.

ஸ்கூல் பக்கம் இன்னும் சிக்கல். அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறை, திறந்து இரண்டு வாரத்தில் பொங்கல் விடுமுறை. கையெழுத்துப் போட வேண்டிய பிரின்சிபல் அந்த நேரத்தில் எங்கே இருப்பாரோ தெரியாது. பல காலேஜ்களுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கிற இணையதளமான காமன் ஆப்பில் 20 காலேஜ் வரை சேர்க்கலாம். பரிந்துரைக் கடிதத்தை டீச்சர் ஒரு தடவை ஏற்றினால் போதும், ஆனால் எந்தெந்தக் காலேஜுக்கு அது போக வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் உன் பெண்தான் இணைத்துக் கொடுக்க வேண்டும். இணைக்காவிட்டால் காலேஜுக்குக் கடிதம் போய்ச் சேராது. இன்றே அவளை ஒவ்வொரு காலேஜாகத் திறந்து பார்க்கச் சொல். உன் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்றும் பார். கட்டணம் போகாவிட்டால் விண்ணப்பமும் போகாது. நள்ளிரவில் பாங்கைக் கூப்பிட முடியாது. நல்ல விஷயம் ஒன்று: காமன் ஆப்பில் கடைசி நேரம் என்பது விண்ணப்பிக்கிறவரின் ஊர் நேரப்படி இரவு 11:59.

ரிசல்ட் நாளன்று பல காலேஜ்கள் இந்த ஊர் நேரம் சாயங்காலம் 7 மணிக்குத் திறப்பார்கள். உங்களுக்கு மறுநாள் விடிகாலை 5:30. அவளுடைய காலேஜ் நேரத்தை முன்கூட்டியே மெயிலில் சொல்லிவிடும். ரிசல்ட்டைப் பார்க்கிற போர்ட்டல், அதாவது காலேஜின் சொந்த இணையப் பக்கம், அதன் பாஸ்வேர்டு காமன் ஆப்பின் பாஸ்வேர்டு இல்லை, வேறு. இரண்டு நாள் முன்னாலேயே ஒரு தடவை உள்ளே போய் வரட்டும். திறந்த நிமிஷத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மோதுவதால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கலாம், பயப்பட வேண்டாம். கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கிடைத்திருந்தால் சில காலேஜ்களில் திரை முழுக்கக் காகிதப்பூ கொட்டும். ஒரு விஷயத்தில் அவள் இஷ்டத்துக்கு விடு: தனியாகத் திறப்பதா, வீட்டோடு உட்கார்ந்து திறப்பதா என்பதை அவளே சொல்லட்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு யாரும் எதிரே நிற்க வேண்டாம். இங்கே அந்த வீடியோக்கள் ஒரு பெரிய பொழுதுபோக்கு, நமக்குத் தேவையில்லை. அன்று ஸ்கூல் இருந்தால் லீவு போடச் சொல்லாதே, போகட்டும்.

"கிடையாது" என்று வந்தால் அதுதான் கடைசி வார்த்தை. அதே காலேஜுக்கு இந்த வருஷம் வழக்கமான சுற்றில் திரும்பப் போட முடியாது. மேல்முறையீடு என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதே.

தள்ளிவைத்தால், அதாவது இங்கே சொல்கிற டிஃபர், விண்ணப்பம் தானாகவே வழக்கமான சுற்றுக்குப் போய்விடும். புதிதாக எதுவும் போட வேண்டாம். கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்று அவள், நீ, ஸ்கூல் கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டீர்களே, அந்தக் கட்டுப்பாடும் அன்றோடு போய்விடுகிறது. மார்ச் கடைசியில் பதில் வரும். கிடைத்தால் மே 1 வரை யோசிக்கலாம். இந்தத் தள்ளிவைப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பது காலேஜைப் பொறுத்தது. ஜார்ஜ்டவுனில் ஏர்லியில் எடுக்காத எல்லோரையுமே தள்ளித்தான் வைப்பார்கள். அதில் பெரிதாக அர்த்தம் தேட முடியாது. ஸ்டான்ஃபோர்டில் முடிந்தவரை அப்போதே இறுதி முடிவு சொல்லிவிடுவார்கள். தள்ளிவைப்பது கொஞ்சம் பேரைத்தான்.

தள்ளிவைத்த காலேஜுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஒன்றே ஒன்று. முதலில் போர்ட்டலில் அந்தக் காலேஜ் என்ன கேட்கிறது என்று படிக்கணும்: சிலர் படிவம் வைத்திருப்பார்கள், சிலர் எதுவும் அனுப்பாதே என்றே சொல்லியிருப்பார்கள். அனுப்பலாம் என்றால் 300, 400 வார்த்தை போதும். நவம்பர் 1-க்குப் பிறகு புதிதாக நடந்ததுதான் உள்ளே வர வேண்டும்: அரையாண்டு மார்க், முடித்த புராஜெக்ட், ஜெயித்த போட்டி. எஸ்ஸேயில் சொன்னதைத் திரும்பச் சொன்னால் படிப்பவருக்கு அலுப்பு. எடுத்தால் கட்டாயம் வருவேன் என்பது உண்மையானால் ஒரு வரியில் எழுதலாம். வருத்தமும் கெஞ்சலும் வேண்டாம். ரிசல்ட் வந்த இரவே எழுதுகிற கடிதங்கள் எல்லாம் கெஞ்சலாகத்தான் இருக்கும், அதனால் ஜனவரி நடுவில் எழுதி, ஸ்கூலிலிருந்து அரையாண்டு மார்க் அறிக்கை போகிற சமயத்தில் போர்ட்டலில் ஏற்றினால் சரி. அந்த அறிக்கையை அவள் அனுப்ப முடியாது, ஸ்கூல்தான் அனுப்ப வேண்டும். பொங்கலுக்கு முன்னாலேயே கவுன்சிலருக்கு நினைவூட்டு. நீ அட்மிஷன் ஆபீசைக் கூப்பிடக் கூடாது, மெயிலும் போடக் கூடாது. அப்பா கூப்பிட்டால் பிள்ளைக்குத் தனியாகப் பேசத் தெரியாது என்றுதான் நினைப்பார்கள். கூடுதல் பரிந்துரைக் கடிதம், எம்.எல்.ஏ. கையெழுத்து, எதுவும் வேண்டாம்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகாமல் பிப்ரவரியில் தொடங்குகிற சி.பி.எஸ்.இ. தேர்வுக்குப் படிக்கட்டும். இறுதி மார்க்கும் அங்கே போகும். பெரிதாகச் சறுக்கினால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிற உரிமை அவர்களுக்கு உண்டு.

முதல் காலேஜ் தள்ளிவைத்தாலும் மறுத்தாலும் ஏர்லி டிசிஷன் இரண்டு என்று ஒரு சுற்று இருக்கிறது. சிகாகோ, வாண்டர்பில்ட், எமரி, டஃப்ட்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகம் எல்லாம் வைத்திருக்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரவுன் எல்லாம் அடங்கிய ஐவி காலேஜ்களில் கிடையாது. ஜனவரி தொடக்கத்தில் போட்டால் பிப்ரவரி நடுவில் பதில். இதுவும் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம்தான்: கிடைத்தால், தள்ளிவைத்த முதல் காலேஜிலிருந்தும் விலகியே ஆக வேண்டும். அதனால் அங்கே "நீங்கள்தான் முதல்" என்று எழுதிவிட்டு இங்கேயும் கையெழுத்துப் போடக் கூடாது. பணம் ஒத்துவராது என்றால் இந்தச் சுற்றையே விட்டுவிடு.

பணத்தைத்தான் நீ இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்குப் படுகிறது. பெரிய தனியார் காலேஜ்களில் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90,000 டாலரைத் தொடுகிறது. அரசாங்க உதவிக்கான ஃபாஃப்சா படிவம் இந்த நாட்டுக் குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள் போன்ற சிலருக்கு மட்டும்தான். எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கே கிடைக்காது, உனக்கும் இல்லை. காலேஜ் தன் கையிலிருந்து கொடுப்பதுதான் வழி. விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்டால் பல காலேஜ்களில் கொடுப்பதில்லை.

கிடைத்துவிட்டால் கொண்டாட்டத்துக்கு முன் உதவித்தொகைக் கடிதத்தைப் படி. இலவசமாகக் கொடுப்பது எவ்வளவு, மாணவர் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது எவ்வளவு, கடன் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக்கொள். மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறாதே. குறைகிறது என்றால் உதவித்தொகை ஆபீசுக்கு அந்த வாரமே எழுது. இதற்கு மட்டும் நீ எழுதலாம். வருமானச் சான்று, வீட்டுக் கடன், அம்மாவின் ஆஸ்பத்திரி பில், எல்லாவற்றையும் ரூபாயிலும் டாலரிலும் போட்டு மறுபரிசீலனை கேள். அந்தப் பதில் வரும்வரை மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறாதே. உண்மையிலேயே கட்ட முடியாது என்றால் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம், விடுவார்கள். வேறு நல்ல இடம் கிடைத்தது என்பதற்காகக் கழன்றுகொள்வது வேறு கதை. அதில் ஸ்கூலின் பெயர் கெடும், அடுத்த வருஷம் போடுகிற பிள்ளைகள் அனுபவிப்பார்கள். பணம் சரி என்றால் டெபாசிட் கட்டிவிட்டு மற்ற எல்லா இடத்திலும் விலகல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு போர்ட்டலிலும் அதற்கு ஒரு பொத்தானோ படிவமோ இருக்கும். மாணவர் விசாவுக்காகக் காலேஜ் கொடுக்கிற ஐ-20 படிவம், விசா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் யாரும் "போன ஜென்மத்து வினை", "நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள். முதல் நாள் அவளுக்குப் பேச்சே வேண்டாம், சாப்பாடு போதும். இரண்டாம் நாள், எந்த விண்ணப்பம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார். அப்போது என்னையும் வீடியோவில் கூப்பிடு; உங்களுக்குக் காலை என்றால் எனக்கு இரவு, முழித்துக்கொண்டுதான் இருப்பேன். உதவித்தொகைக் கடிதம் வந்தால் ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், பிடிஎஃப் ஆகவே அனுப்பு. அடிக்குறிப்பில் இருக்கிற நிபந்தனைகள் ஸ்க்ரீன்ஷாட்டில் வருவதில்லை.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். மருமகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
அக்கா